இல்லறத்தில் இருக்கும் ஐயப்பன்

செங்கோட்டைக்காரர்களுக்கு ஐயப்பன் அசலூர்ச் சாமி இல்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரே மலைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்தோடுதான் இருந்தது. இன்றைக்கும் கார்த்திகை பிறந்தால் தெருவுக்குத் தெரு சரணம் கேட்கும். புளியரை வழியாக இரவு பகலாக வேன்கள் மலை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வேன்களில் வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆரியங்காவில் ரோட்டிலிருந்து படி இறங்கி ஒரு கும்பிடு, குளத்துப்புழை ஆற்றில் மீன்களுக்குக் கொஞ்சம் தீனி, அப்புறம் ஒரே ஓட்டமாக எருமேலி. அச்சன்கோவில் என்ற இன்னொரு ஐயப்பன் தலம் பலருடைய கணக்கில் வராது. அது போகிற வழியில் இல்லை, காட்டுக்குள் இருக்கிறது.

எனக்கென்னவோ, குடும்பம் நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோயிலைத்தான் என்று தோன்றுகிறது. பெரியவர்கள் ஒரு வரிசை சொல்வார்கள். குளத்துப்புழையில் சாஸ்தா, அதாவது ஐயப்பன், பாலகன். ஆரியங்காவில் இளைஞன். அச்சன்கோவிலில் பூரணை, புஷ்கலை என்ற தேவியர் இருவரும் பக்கத்தில் இருக்க, இல்லறத்தான். சபரிமலையில் எல்லாவற்றையும் விட்டுத் தவத்தில் உட்கார்ந்தவன். ஐந்தாவதாகக் காந்தமலையையும் சேர்ப்பார்கள். நாம் போய்ப் பார்த்து வருகிற கோயில்களில் அது சேராது. நம் வீட்டு ஆண்கள் மாலை போட்டுக்கொண்டு பார்க்கப் போவது தவக்கோலத்தை. திரும்பி வந்து இருக்கப் போவதோ மனைவி மக்கள், கரண்ட் பில், பால் பாக்கி எல்லாவற்றோடும்.

எங்கள் வீட்டில் வீட்டுக்காரரும் மகனும் மாலை போடுவார்கள். 41 நாள் மண்டல விரதம். செருப்பில்லை, சவரமில்லை, பாயில் தலையணை இல்லாமல் படுக்கை, காலையிலும் மாலையிலும் பச்சைத் தண்ணீர்க் குளியல். எல்லாம் சரி. ஆனால் விடியக்காலம் நாலு மணிக்கு முதலில் எந்த லைட் எரிகிறது என்று ஒருநாள் தெருவில் நின்று பாருங்கள். அது அடுப்படி லைட்டாகத்தான் இருக்கும். சாமிமார் குளித்துவிட்டு வரும்போது பூஜை இடம் துடைத்து, திரி போட்டு, பூ வைத்து, தனிப் பாத்திரத்தில் பால் காய்ந்திருக்கும். முன்பெல்லாம் மாதத்தில் மூன்று நாள் அத்தை இந்த வேலையை எடுத்துக்கொள்வார்கள். இப்போது எனக்கு அதுவும் நின்றுவிட்டது, அத்தைக்கும் வயதாகிவிட்டது. ஆகவே மண்டலம் முழுக்க என் கையில்.

பூண்டு, வெங்காயம் இல்லாத சமையல். ராத்திரி எட்டு மணிக்குள் பலகாரம் முடிந்துவிடும். டிவி கிடையாது. கோபம் வந்தால்கூட 'சாமி' என்று கூப்பிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்க வேண்டும். அப்படிக் கூப்பிட்ட பிறகு அது எவ்வளவு தூரம் போகும்? மாலை போட்டது அவர்கள் இரண்டு பேர். விரதம் இருந்தது வீடு மொத்தமும்.

போன மண்டலம் முடிந்து பிரஷர் பார்க்கப் போனேன். டாக்டர் மெஷினைப் பார்த்துவிட்டு, "நல்லா இறங்கியிருக்கே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மாத்திரை அதே மாத்திரைதான். ஊறுகாயும் அப்பளமும் வடகமும் இலையை விட்டுப் போயிருந்தன, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருந்தது, பத்து மணிக்குள் தூங்கினோம். அவ்வளவுதான். மாலை கழற்றிய அன்று சாயந்திரமே அப்பாவும் பிள்ளையும் பிரானூர் பார்டருக்குக் கிளம்பிவிட்டார்கள், பரோட்டாவும் கோழியும் சாப்பிட. அதை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் இரண்டு பரோட்டா பார்சல் வந்தது. ஆனால் மாலையோடு சேர்ந்து மற்றதெல்லாமும் கழன்று போனதுதான் வருத்தம். ஒரே வாரத்தில் பதினொரு மணிச் சாப்பாடு, டிவி, அதட்டல் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

அச்சன்கோவில் போனது தை மாதத்தில். அத்தை, மதினி, மதினி மகள், நான். ஆண்கள் யாரும் வரவில்லை, கூப்பிடவும் இல்லை. பண்பொழி, வடகரை, மேக்கரை என்று போகும் பாதை. வடகரை வரைக்கும் தென்னந்தோப்பும் வயலுமாக நம் ஊர்தான். மேக்கரையில் அடவிநயினார் அணையைப் பார்த்தபிறகு ரோடு வளைந்து வளைந்து ஏற ஆரம்பிக்கிறது. வெயில் போய்விடுகிறது. கோட்டவாசலில் எல்லை. "அண்ணாச்சி, ஆனை வருமா?" என்று மதினி மகள் டிரைவரிடம் கேட்டாள். "நம்ம வண்டியைப் பார்க்க எதுக்கும்மா வரப்போகுது" என்று சொன்னவர், கொஞ்ச தூரம் போனதும் பாட்டைத் தாழ்த்திவிட்டுக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்.

கோயிலில் அன்று கூட்டமே இல்லை. கேரளத்துக் கோயில்களுக்கே உரிய எண்ணெய் வாடை, ஈரக் கல்தரை, கருவறையில் விளக்கு வெளிச்சம் மட்டும். உள்ளே சாஸ்தாவும் இரு தேவியரும். போத்தி, அதாவது பூசாரி, வாழையிலைத் துண்டில் சந்தனம் தந்தார். இந்தச் சந்தனத்துக்குப் பெரிய பேர் உண்டு. சாமியின் கையில் வைத்த சந்தனம் விஷக்கடிக்கு மருந்து என்பது இந்தக் காட்டுப் பக்கத்து நம்பிக்கை. பாம்பு கடித்தவரோடு வந்து நின்றால் நடுராத்திரியானாலும் நடை திறப்பார்கள் என்பார்கள். அத்தை சின்ன வயதில் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். நான் அவர்களிடமே சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நேரே ஆஸ்பத்திரி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் விஷமுறிவு ஊசி இருக்கிறது. சந்தனம் நெற்றிக்கு, பிழைத்து வந்த பிறகு. அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "சாமி ஊசி போடாதேன்னா சொல்லுது?" என்றார்கள்.

சந்தனத்தை விரலில் எடுத்தேன். கொரகொரப்பே இல்லாமல் வெண்ணெயாக இருந்தது, நல்ல குளிர்ச்சி. கல்லில் நேரம் எடுத்து அரைத்தால்தான் அப்படி வரும். நெற்றியில் அது காயும்போது தோல் லேசாக இழுக்கும் இல்லையா, அது தெரிகிறவரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மதினி மகள் போனை எடுத்தாள். அத்தை பார்த்த பார்வையில் பைக்குள் போட்டாள்.

அத்தை சரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். வேன்களில் கேட்கிற வேகம் இல்லை. ஒரு நாமம் சொல்லி, மூச்சு முழுவதும் வெளியே போன பிறகுதான் அடுத்தது. கூடவே சொல்லிப் பார்த்தேன், முதலில் எனக்கு மூச்சு முட்டியது, அப்புறம் படிந்துவிட்டது. இதைப் பற்றி ஆராய்ச்சியும் உண்டு. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர்கள் எழுதியது: ஜெபமாலை ஜெபமோ மந்திரமோ சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்குகிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதோடு இசைகின்றன என்று. சோதித்தது 23 பேரைத்தான், அதுவும் நோயில்லாதவர்களை. அதை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட முடியாது. ஆனால் அவசர அவசரமாக 108 சொல்வதைவிட நிதானமாகப் பத்து சொல்வதில் ஏதோ இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கே தெரிந்தது.

பக்கத்தில் ஆறு. அச்சன்கோவிலாறுதான் பின்னால் வீயபுரத்தில் பம்பையோடு சேர்கிறது. கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நான் என் வருத்தத்தைச் சொன்னேன், மாலை இறங்கினால் எல்லாம் போய்விடுகிறதே என்று. அத்தை சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்கள்: "சீக்கிரம் சாப்பிடுததுக்கு மாலை எதுக்குட்டி? உலையைச் சீக்கிரம் வச்சா போதாதா?"

வீட்டுக்கு வந்து அதைத்தான் செய்தேன். சாயந்திரம் ஆறரைக்கு உலை. விளக்கேற்றியதும் பத்துச் சரணம், அத்தை வேகத்தில். அது முடிகிறவரை போன் எல்லாம் அரிசிப் பானை மூடி மேல். ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். சாப்பாடு ஏழரைக்குத் தயாராக இருந்தால் ஆண்கள் ஏழரைக்குச் சாப்பிடுகிறார்கள், இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் வாயிலிருந்து இன்னும் 'சாமி' வரவில்லை, ஆனால் அதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

விட்டதும் உண்டு. பச்சைத் தண்ணீர்க் குளியல் அத்தையின் வீசிங்குக்கு ஆகாது, வெந்நீர்தான். என் கொழுந்தனாருக்குச் சர்க்கரை. காலில் முள் குத்தினாலே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் மண்டலம் முழுக்க வெறுங்காலோடு நடப்பது பக்தி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருபொழுது இருக்கிறேன் என்று சொல்லிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். மலைக்குப் போகிறவர்கள் வழக்கமான மருந்தை நிறுத்தக்கூடாது, ஏறுவதற்கு முன்பே நடந்து பழக வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறையே சொல்கிறது. நீலிமலை ஏற்றம் யார் வீட்டு இதயத்துக்கும் சலுகை தராது.

ஐம்பது தாண்டியாச்சே, நீங்களும் மாலை போடலாமே என்று மதினி கேட்கிறாள். போடலாம்தான், முழங்கால் என்ன சொல்கிறதென்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் மார்கழியில் அச்சன்கோவில் தேர் இருக்கிறது. புனலூரிலிருந்து ஆபரணப் பெட்டி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாகத்தான் வரும், எங்கள் ஊரே ரோட்டில் நிற்கும். இந்தத் தடவை வீட்டுக்காரரும் தேருக்கு வருகிறார். வரும் கார்த்திகைக்கு நான் போட்ட நிபந்தனை வேறு: நாலு மணிக்கு முதல் லைட் சாமிமார்தான் போட வேண்டும், பால் பாத்திரமும் அவர்கள்தான் கழுவ வேண்டும். அவர் சரி என்றுவிட்டார். மகன் அலாரம் வரைக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறான், பாத்திரத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.