ரத்தத்தில் நார்மல், மூட்டில் வறட்சி

முடக்குவாத நோயாளியின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், சி3, சி4 அளவுகள் பெரும்பாலும் நார்மலாகவே வரும். சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கும். அழற்சி மூண்டால் கல்லீரல், கிருமிகளைத் தாக்க உதவும் இந்தக் காம்ப்ளிமென்ட் புரதங்களை அதிகமாக உற்பத்தி செய்யும் என்பதே காரணம். இம்யூனாலஜி ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் இந்த ரிப்போர்ட்களைப் பார்த்தாலே எனக்குச் சலிப்புத்தான். எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் என்றால் கதை வேறு. நோய் தீவிரமானதும் இரண்டு அளவுகளும் சரியும், டாக்டரே போன் போட்டு விசாரிப்பார். முடக்குவாதத்துக்கு யாரும் போன் செய்ததில்லை.

வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியில் எடுத்த நீரையும் சேர்த்துச் சோதிக்க ஆரம்பித்த பிறகுதான் சலிப்புப் போனது. ஒரே ஆள், ஒரே நாள் எடுத்த சாம்பிள்கள். ரத்தத்தில் புரதம் தாராளமாக இருந்தது, மூட்டு நீரிலோ சி3, சி4 இரண்டுமே தாழ்ந்திருந்தன. அங்கே வந்து சேராததால் வந்த குறைவு அல்ல இது. வந்தது அங்கேயே செலவாகிவிட்டது. ருமட்டாய்டு ஃபேக்டர் போன்ற, உடலின் சொந்தப் புரதங்களையே பிடிக்கும் ஆன்டிபாடிகள் மூட்டுக்குள் கட்டிகட்டியாகச் சேர்கின்றன, காம்ப்ளிமென்ட் புரதங்கள் அவற்றின் மேல் பாய்ந்து ஒன்றையொன்று வெட்டித் தள்ளுகின்றன. அப்படிச் சி5 என்ற புரதத்திலிருந்து வெட்டுப்பட்டுத் தெறிக்கும் சி5ஏ என்ற சிறு துண்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே இழுக்கிறது.

இதை அளப்பது ஒரு தனி அவஸ்தை. மூட்டு நீர் பிசின் மாதிரி இழுக்கும், பிப்பெட்டில் ஏறாது. ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் சேர்த்து நீர்க்கவைத்த பிறகே வேலை நடக்கும். காம்ப்ளிமென்டின் மொத்தச் சக்தியை அளக்கும் சிஎச்50 பரிசோதனையில், ஆன்டிபாடி பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களில் பாதியை உடைக்க எவ்வளவு சாம்பிள் தேவை என்று பார்க்கிறோம். பெல்ஜிய விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே 1890களில் ஆராய்ந்த அதே சங்கதிதான். 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் இந்தச் சக்தி செத்துவிடும். அறை வெப்பத்தில் கிடந்தாலும் மெல்ல மெல்லத் தேயும். மதியம் வரை மேசையில் கிடந்த குழாயில் சிஎச்50 குறைந்திருந்தால் அது நோயின் வேலையா மேசையின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது. சி5ஏ அளவு கேட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ கலந்த குழாய்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன். ரத்தம் உறையும்போதே காம்ப்ளிமென்ட் கிளம்பிவிடும். ஈடிடிஏ, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்து அதைத் தடுக்கும்.

மூட்டில் இவ்வளவு செலவாகிறதென்றால் அதைத் தடுத்தால் நோய் அடங்க வேண்டுமே! எலிகளில் அடங்கியது. சி5க்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்தால் கொலாஜன் ஆர்த்ரைடிஸ் (கொலாஜன் புரதத்தைச் செலுத்தி எலியில் உண்டாக்கும் மூட்டழற்சி) வராமல் தடுக்கலாம், வந்ததையும் தணிக்கலாம் என்று 1995லேயே காட்டினார்கள். மனிதரிடம் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. சி5ஏ வந்து ஒட்டும் ரிசெப்டரை அடைக்கும் பிஎம்எக்ஸ்53 மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2007ல் வெளியிட்ட முடிவில், மூட்டுச் சவ்வின் அழற்சி குறையவில்லை. சி5ஐ அடைக்கும் எக்குலிசுமாப் மருந்து அதே ஆண்டு அனுமதி பெற்றது ஓர் அரிய ரத்த நோய்க்கு. 2021ல் சி5ஏ ரிசெப்டரை அடைக்கும் அவகோபான் வந்தது, அதுவும் ரத்தக்குழாய் அழற்சிக்கு.

காம்ப்ளிமென்டுக்கு இதில் பங்கில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எலிக்கு நோய் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். சோதனைக்கு வரும் மனிதருக்கோ பல வருடங்கள். அதற்குள் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள், சவ்வின் செல்கள் எல்லாம் சேர்ந்து தீயைத் தாங்களே வளர்க்கப் பழகியிருக்கும். மூட்டு நீரில் இன்னும் செலவு நடக்கிற நோயாளியா என்று பார்த்து ஆளைச் சேர்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். சி5ஐ அடைத்தால் மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமி எளிதில் தாக்கும், முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. இன்னொரு வேடிக்கை: முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ரிட்டுக்ஸிமாப், ஆன்டிபாடி உற்பத்திக்கு மூலமான பி செல்களைக் கொல்லும் வழிகளில் ஒன்று இதே காம்ப்ளிமென்ட்தான்.

இப்போதும் முடக்குவாத நோயாளிகளின் சி3, சி4 சீட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெரிதாகப் பொருள் கொள்வதில்லை. ஆனால் பல வருட நோயாளிக்கு விரல் நுனியில் கறுப்புப் புள்ளியோ ஆறாத கால் புண்ணோ இருப்பதாகச் சீட்டில் குறித்திருந்து, சீரத்திலேயே சி4 சரிந்திருந்தால், ரத்தக்குழாய்களும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கு ரிப்போர்ட் அச்சாகும் முன்பே நானே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன்.