சைக்கிள் செயினில் ஒரு ‘அ’: குறுக்கே கடக்கும் இடம் ஒருவழியாகப் படிந்தது

பழைய சைக்கிள் செயினை வளைத்துத் தமிழ் எழுத்துகள் செய்துகொண்டிருக்கிறேன். அதில் மூன்று வாரமாக மல்லுக்கட்டிய சிக்கல் நேற்று இரவு தீர்ந்தது. ‘அ’வின் படுக்கைக் கோடு வளைவைக் குறுக்கே கடக்கிற இடம்தான். பேனாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செயினுக்கு அங்கேதான் உயிர் போகிறது.

சுழி அழகாக வந்துவிடுகிறது. கண்ணிக்குக் கண்ணி 12.7 மி.மீ.; எட்டுக் கண்ணிக்குச் சுமார் 33 மி.மீ. விட்டத்தில் வட்டம். ஆனால் தன்மேலேயே ஏறிக் கடக்கப் பக்கவாட்டில் வளைய வேண்டுமே! புதுச் செயின் அசைந்து கொடுக்கவில்லை. தேய்ந்த செயின் கொஞ்சம் இளகியது, ஆனால் மொத்த எழுத்தும் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் தூக்கி நின்றது. வெட்டி இடைவெளி விட்டும் பார்த்தேன். ஒரு கண்ணியை எடுத்தால் இடம் போதவில்லை; மூன்றை எடுத்தால் எழுத்தே அறுந்தது போல் இருந்தது.

சரி, ஏற்றி இறக்குவதே வேண்டாம் என்று ‘அ’வை இரண்டு மாடியாக்கிவிட்டேன். வளைவு முழுவதும் கீழே. இடது ஓரத்தில் செயினைக் கழற்றி, கீழ் வரிசையின் கடைசிக் கண்ணிமேல் மேல் வரிசையின் முதல் கண்ணியை அடுக்கி, கண்ணிகளை இணைக்கும் ஆணி இருந்த துளைகளில் 3 மி.மீ. தடிமன், 25 மி.மீ. நீளமுள்ள போல்ட்டை விட்டு முடுக்கினேன். படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் மேலேயே ஓடுகின்றன. நிமிர்ந்த கோட்டின் இரு முனைக்கும் மிச்சக் கண்ணிகளையே முட்டுக் கொடுத்தேன். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், மேல் செயினின் நிழல் கீழ் வளைவின்மேல் பல்பல்லாக விழுகிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயின் தேடுகிறவர்களுக்கு: சைக்கிள் பழுதுபார்க்கும் இடங்களில் கழற்றிப்போட்ட பழைய செயினைக் கேட்டு வாங்குங்கள். கியர் இல்லாத சைக்கிளின் அகலச் செயின்தான் எழுத்துக்கு நல்ல கனம் கொடுக்கிறது. எண்ணெயை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வெளியே பளிச்சென்று துடைத்திருந்தாலும், கண்ணிகளுக்கு நடுவே சுழலும் உருளைக்குள் (ரோலர்) தங்கிய எண்ணெய் மறுநாள் கசிந்து, ஒட்டப் போட்ட எபாக்ஸிப் பசையை உரித்துவிடுகிறது. எனக்கு இரண்டு முறை உரிந்தது. இப்போது மண்ணெண்ணெயில் ஓர் இரவு, அப்புறம் சோப்பு நீர், நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை.

அடுத்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’. இப்போதைய ‘ை’ குறிக்குப் பதிலாக லகரத்தோடு சேர்ந்து வரும் அந்த யானைத் தும்பிக்கை வளைவு செயினுக்கென்றே பிறந்தது! தாளில் வரைந்து கண்ணிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் கழற்றிய, ‘அ’வின் நிமிர்ந்த கோட்டின் கடைசி ஐந்து கண்ணிகள் இன்னும் மண்ணெண்ணெயில் ஊறுகின்றன.