கிட்னி லிஸ்டில் அவருக்குச் சேர வேண்டிய ஒன்றரை வருடம்

என் கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர், இருப்பது அட்லாண்டா பக்கம். மாற்றுக் கிட்னிக்குக் காத்திருப்போர் லிஸ்டில் அவருடைய காத்திருப்பு 2020 நடுவிலிருந்துதான் கணக்கில் இருந்தது. இப்போது அது 2018 கடைசிக்குப் போயிருக்கிறது. அந்த ஒன்றரை வருடத்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்) 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான், டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். அதைக் கணக்கிடும் 2009 ஃபார்முலா, ஆள் கறுப்பினத்தவர் என்றால் வருகிற எண்ணை 1.159 ஆல் பெருக்கிவிடும். அவருக்குக் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் உள்ள கழிவு) 3.7, வயது 50. மற்றவருக்கு அது 18, இவருக்கு மட்டும் 21. அவ்வளவுதான், நாள் ஓடாது. 2021-இல் இனம் பார்க்காத ஃபார்முலா வந்தது, 2022 ஜூலையில் அமெரிக்க உறுப்பு மாற்று அமைப்பான ஓ.பி.டி.என். பழைய பெருக்கலைத் தடை செய்தது, இழந்த காலத்தைத் திருப்பித் தரும் விதி 2023 ஜனவரி 5-இல் அமலுக்கு வந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் கடிதம் லிஸ்டில் உள்ள எல்லோருக்கும் போகிற பொதுக் கடிதம், 'பரிசீலித்துச் சொல்கிறோம்' என்கிற ரகம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நான் போன் போட்டுக் கேட்டபோதுதான், 2020-க்கு முந்தைய ரிப்போர்ட் எதுவும் தங்களிடம் இல்லை என்று கோ-ஆர்டினேட்டர் சொன்னார். இழந்த காலத்தைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டியது மருத்துவமனைதான், நாம் நேரடியாக அனுப்ப முடியாது. ஆனால் பழைய பேப்பரைத் தேடி அலைவது நம் தலையில்தான் விழும்.

பழைய கிட்னி டாக்டரின் க்ளினிக்கில் இடையில் சாஃப்ட்வேர் மாற்றியிருந்தார்கள், ஆன்லைனில் 2018 விவரம் எதுவுமே இல்லை. ரெக்கார்ட்ஸ் கவுன்டரில் இருந்த அம்மாள், "அவர்தான் ஏற்கெனவே லிஸ்டில் இருக்கிறாரே, பழைய பேப்பர் எதுக்கு?" என்றார். விளக்கினேன், காதில் விழவில்லை. என் கையெழுத்து செல்லாது, அவரே வந்து போட வேண்டும் என்றார்கள், இத்தனைக்கும் அவர் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் படுத்திருப்பவர். அதையும் செய்து முடித்த பிறகு வந்து சேர்ந்தது ஒரு சுருக்க அறிக்கை. அதில் கிரியேட்டினின் இல்லை, பெருக்கிய 21 மட்டும் இருந்தது! அவசரமாகப் பார்க்கிறவருக்கு அது அவர் தகுதி பெறவில்லை என்பதற்கான ஆதாரம் போலத்தான் தெரியும்.

அதனால் கேட்கும்போதே 'லேப்பின் அசல் ரிப்போர்ட், ரத்தம் எடுத்த தேதியோடு, கிரியேட்டினின் எண்ணோடு' என்று எழுத்தில் கேளுங்கள். ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பேச்சின் தொனியே மாறிவிடும். அதைவிடச் சுருக்கு வழி, ரத்தம் சோதித்த லேப்பையே பிடிப்பது. 2014-இல் வந்த விதிப்படி நோயாளி கேட்டால் லேப்பே நேரடியாகத் தரலாம், டாக்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. எங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். ஒரே தாளில் இரண்டு வரி: கறுப்பினத்தவர் என்றால் 21, இல்லையென்றால் 18. அதே லேப்பில் எனக்கு எடுத்த ரிப்போர்ட்டிலும் இதே இரண்டு வரி உண்டு. எங்கள் மகளுக்கு இதில் எந்த வரியைப் படித்திருப்பார்கள் என்று கோ-ஆர்டினேட்டரிடம் கேட்டேன், சிரித்தார்.

புது ஃபார்முலாவிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள், கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா, இவ்வளவு போதும். எங்களுக்கு 19 வந்தது, எந்தப் பக்கம் பார்த்தாலும் தகுதிதான். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது.

இரண்டாவது கடிதம் வந்ததும் தேதியைச் சரிபாருங்கள். ரத்தம் எடுத்த தேதிதான் இருக்க வேண்டும், ரிப்போர்ட் அச்சான தேதி இல்லை. எங்களுக்குச் சரியாகவே இருந்தது. கிட்னி இன்னும் வரவில்லை.