என் இகோஸ்போர்ட்டுக்கு ஏற்ற ஸ்கேனரைத் தேடியபோது

2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, மறைமலை நகர் ஆலையில் உருவான என் பெட்ரோல் இகோஸ்போர்ட்டுக்கு நான்கு வயதுதான் ஆகியிருந்தது. இந்த வண்டியை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டப்போகிறேன் என்றால், அது சொல்லும் குறைகளை நானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது மலிவான புளூடூத் அடாப்டர். அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (வண்டி தன் பழுதுகளைச் சொல்லும் இணைப்பு இது) செருகி, இன்ஜினின் பழுதுக் குறியீடுகளைப் படித்தேன். எந்தப் பழுதும் இல்லை என்றது. ஆனால் டேஷ்போர்டில், பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும் இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 விதிகள் புகை மாசைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை. அதனால் இன்ஜின் சார்ந்த குறியீடுகளை எந்தப் பொதுக் கருவியும் படித்துவிடும். ஏபிஎஸ், ஏர்பேக், கதவுப் பூட்டு, ஆடியோ ஆகியவற்றின் மாட்யூல்கள், அதாவது அவற்றை இயக்கும் சிறு கணினிகள், பேசுவதோ அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறையில். ஆகவே கருவி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை வண்டிகளைப் படிக்கும் என்பதன்று, என் வண்டியின் எத்தனை மாட்யூல்களை எட்டும் என்பதுதான்.

ஃபோர்டு வண்டிகளுக்கு அந்த எட்டுதலைத் தருவது ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள். விண்டோஸ் மடிக்கணினியில் இயங்கும் பதிப்பில்தான் கோடிங் வசதி, அதாவது மாட்யூல்களின் அமைப்பை மாற்றி எழுதும் வசதி, முழுமையாக இருக்கிறது. அதற்குத் தனி உரிமம் பெற வேண்டும். மென்பொருள் சரியாக இருந்தாலும் அடாப்டர் தவறாக இருந்தால் பயனில்லை. ஃபோர்டின் பல மாடல்களில் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் தடங்கள் இரண்டு சாக்கெட்டுக்கு வருகின்றன. இன்ஜின், ஏபிஎஸ் போன்றவை 6, 14 முனைகளில் உள்ள வேகத் தடத்திலும், ஆடியோ போன்றவை 3, 11 முனைகளில் உள்ள நடுத்தர வேகத் தடத்திலும் இருக்கும். சாதாரண அடாப்டரில் 3, 11 முனைகளுக்கு இணைப்பே கிடையாது. சிலவற்றில் கையால் மாற்றும் சுவிட்ச் உண்டு. நான் தேர்ந்தெடுத்த ஓபிடிலிங்க் இஎக்ஸ் தானாகவே தடம் மாறுகிறது. யுஎஸ்பி கம்பியில் இணைவதால், எழுதும் நேரத்தில் தொடர்பு அறுந்துவிடுமோ என்ற கவலையும் குறைவு.

மலிவு அடாப்டர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தகைய அடாப்டர்களுக்கென்று கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இஎல்எம்327 சிப்பின் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாததால், அதன் போலிகள் உலகச் சந்தையை நிறைத்தன. பெட்டியில் 1.5 என்று பதிப்பு எண் அச்சிட்டிருந்தால் அது போலி என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. செக் இன்ஜின் விளக்கின் காரணத்தைப் படிப்பதற்கு அவற்றில் சில போதும். மாட்யூலில் எழுதுவதற்கு அவற்றை நம்புவது ஆபத்து.

ஏபிஎஸ் விளக்குக்குத் திரும்புகிறேன். ஒரு பணிமனையில் அந்த மாட்யூலையே மாற்ற வேண்டும் என்றார்கள். புதிய கருவியால் பார்த்தபோது ஒரே நேரத்தில் நான்கு மாட்யூல்களில் மாட்யூல்களுக்கிடையே தொடர்பு தடைபட்டதைச் சொல்லும், யு என்று தொடங்கும் குறியீடுகள் பதிவாகியிருந்தன. நான்கும் ஒரே நாளில் கெட்டுப்போவதைவிட, நான்குக்கும் பொதுவான ஒன்று கெட்டிருப்பதே இயல்பு. பேட்டரியை அளந்தேன், இரவு முழுவதும் நின்ற வண்டியில் 11.7 வோல்ட்தான் இருந்தது. புது பேட்டரி போட்டு, குறியீடுகளை அழித்தேன். அவை திரும்ப வரவேயில்லை. குறியீடு பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை, அறிகுறியை மட்டுமே சொல்கிறது. நேரலை அளவுகளையும் சேர்த்துக் காட்டும் கருவியே உதவும். இன்ஜினில் காற்று மிகுந்த கலவையைக் குறிக்கும் பி0171 வந்தாலும் இப்படித்தான்: எரிபொருள் திருத்த அளவு (கலவையைச் சரிசெய்ய இன்ஜின் கணினி கூட்டிக் குறைக்கும் எரிபொருளின் அளவு), வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில் மிக உயர்ந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால், சென்சாரை மாற்றுவதற்கு முன் காற்றுக் கசிவைத் தேட வேண்டும்.

வேறு வண்டி வைத்திருப்போருக்கு வழி வேறு. ஃபோல்க்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்கோட். ஆனால் எட்டாம் தலைமுறை கோல்ஃப் முதல் ஃபோல்க்ஸ்வேகன், மாட்யூல்களில் அனுமதியின்றி எழுதுவதைத் தடுக்கும் எஸ்எஃப்டி என்ற மென்பொருள் பூட்டைக் கொண்டுவந்திருப்பதால், புதிய மாடலுக்கு வாங்குவோர் அந்தப் பூட்டைக் கருவி திறக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

கோடிங்கில் நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. முதல் நாளிலேயே எல்லா மாட்யூல்களின் அமைப்பையும் கோப்புகளாகச் சேமித்து, இரண்டு இடங்களில் வைத்தேன். இந்த வசதி இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜரை இணைத்து, முகப்பு விளக்கையும் புளோயரையும் அணைத்துவிடுகிறேன். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். அதை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. ஏர்பேக் மாட்யூலில் மட்டும் எதையும் எழுதுவதில்லை. அதில் குறியீடு வந்தால் படித்துக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளுடன் பயிற்சி பெற்றவரிடம் வண்டியைக் கொண்டுபோகிறேன்.