பட்டியல்களைப் பொருத்தும் வேலை

புனே மாவட்டத்தில் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கின்றன. ஜிஎம்ஆர்டி என்ற அந்த ரேடியோ தொலைநோக்கி 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தை அலசியது. ஹ்யூப் இன்டெமாவும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்தத் தரவை மறுபடி செயலாக்கி 2017-ல் வெளியிட்ட டிஜிஎஸ்எஸ் பட்டியலில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கி 1990களில் 1400 மெகாஹெர்ட்ஸில் எடுத்த என்விஎஸ்எஸ் பட்டியலில் சுமார் 18 லட்சம். இந்த இரண்டையும் பொருத்துவதில்தான் என் வேலை தொடங்கியது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வேறு பட்டியல்களும் வந்து சேர்ந்தன.

எதற்காகப் பொருத்த வேண்டும்? ஒரே அதிர்வெண்ணில் பார்த்தால் ஒரு மூலம் எவ்வளவு பிரகாசம் என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு அதிர்வெண்களில் பார்த்தால் அதன் நிறமாலை எப்படிச் சரிகிறது, அதாவது அதிர்வெண் கூடக்கூட வலிமை எப்படிக் குறைகிறது என்பது தெரியும். காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள்தான் பெரும்பாலான மூலங்களின் ரேடியோ அலைகளுக்குக் காரணம். அப்படிப்பட்ட மூலங்களின் சரிவு பெரும்பாலும் மைனஸ் 0.7, மைனஸ் 0.8 என்ற அளவில் இருக்கும். (வலிமை அதிர்வெண்ணின் எந்த அடுக்கைப் பின்பற்றி மாறுகிறது என்பதே இந்த எண்.) ரேடியோ வலிமையை அளக்கும் அலகு ஜான்ஸ்கி. 150 மெகாஹெர்ட்ஸில் 1 ஜான்ஸ்கி இருக்கும் மூலம், மைனஸ் 0.8 சரிவோடு 1400-க்கு வரும்போது ஏறக்குறைய 170 மில்லிஜான்ஸ்கியாகக் குறைந்துவிடும். இதைவிடச் செங்குத்தாகச் சரிந்தால் எலெக்ட்ரான்களுக்கு வயதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம், ஏனென்றால் அதிக ஆற்றல் உள்ளவைதான் முதலில் ஆற்றலை இழக்கும். சரிவே இல்லாமல் தட்டையாக இருந்தால் குவேசார் எனப்படும் மிகப் பிரகாசமான தொலைதூர மூலம் ஒன்றின் நெருக்கமான மையத்தைப் பார்க்கிறோம் என்று பொருள் கொள்ளலாம். குறைந்த அதிர்வெண் பக்கம் கோடு மேலே போகாமல் திரும்பி இறங்கினால், அது இன்னும் விரியாத இளம் ரேடியோ விண்மீன் மண்டலமாக இருக்கக்கூடும். இரண்டு எண்களை வைத்து இவ்வளவு பேச முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இரண்டு அதிர்வெண்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. இரண்டு அளவீடுகளிலும் 10 சதவீதப் பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 150-க்கும் 1400-க்கும் இடையே கணக்கிட்ட சரிவில் பிழை சுமார் 0.06. அதே பிழையோடு 1400-க்கும் 3000-க்கும் இடையே கணக்கிட்டால் 0.19 வரை போய்விடும். ஆனால் அவ்வளவு அகலமான இடைவெளியை ஒரே தொலைநோக்கி ஒரே தரத்தில் பார்த்துத் தராது. அதனால் வேறு வேறு கருவிகளின் பட்டியல்களை நாடியே ஆக வேண்டும். சிக்கல் அத்தனையும் அங்கேதான் இருக்கிறது.

முதல் சிக்கல் கூர்மை. டிஜிஎஸ்எஸ் 25 விகலை வரை பிரித்துப் பார்க்கும். என்விஎஸ்எஸ் 45 விகலை. (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை.) ஆகவே என்விஎஸ்எஸ்-ல் ஒன்றாகத் தெரிவது டிஜிஎஸ்எஸ்-ல் இரண்டாக இருக்கலாம். அருகில் இருப்பதோடு பொருத்து என்று மென்பொருளிடம் சொன்னால் அது சொன்னபடி செய்யும்: ஒரே மூலத்தின் இரு பக்கமும் விரிந்திருக்கும் இரண்டு மடல்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை அனாதையாக விட்டுவிடும். 150 மெகாஹெர்ட்ஸில் பாதி வலிமை காணாமல் போய், சரிவு உண்மையில் இருப்பதைவிடத் தட்டையாக வரும். விஎல்ஏ-வின் இன்னொரு பட்டியலான ஃபர்ஸ்ட்டை எடுத்தால் நிலைமை தலைகீழ். அதன் கூர்மை 5 விகலை. பரந்து கிடக்கும் மங்கலான பகுதிகளை அது தவறவிட்டுவிடும். அதை டிஜிஎஸ்எஸ்ஸோடு நேரடியாகப் பொருத்தினால் பரந்த மூலங்கள் எல்லாம் பொய்யாகச் செங்குத்தாகிவிடும். எனவே கூர்மை குறைந்த பட்டியலின் எல்லைக்குள் விழும் எல்லாத் துண்டுகளையும் கூட்டிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். சந்தேகமானவற்றுக்குப் படத்தையே திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய அளவீடுகளும் இங்கே கைகொடுக்கும். ஊட்டியில் கோவிந்த் ஸ்வரூப் கட்டிய 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியில், 1970களில், நிலா ஒரு மூலத்தை மறைக்கும்போது அலை எப்படிக் குறைகிறது என்று பார்த்தே அது ஒற்றையா இரட்டையா என்று கண்டறிந்தார்கள்.

தற்செயல் பொருத்தங்களும் உண்டு. ஒரு சதுரப் பாகைக்கு என்விஎஸ்எஸ்-ல் ஏறக்குறைய 50 மூலங்கள். தேடும் ஆரத்தை 15 விகலை என்று வைத்தால் சும்மா அமைந்துவிடும் பொருத்தம் 0.3 சதவீதம்தான், 60 விகலை என்றால் ஏறக்குறைய நாலரை சதவீதம். கணக்கோடு நிறுத்தாமல், ஒரு பட்டியலை முழுசாக ஒரு பாகை நகர்த்தி வைத்து மறுபடி பொருத்திப் பார்ப்போம். அப்போது கிடைப்பவை எல்லாமே தற்செயல். புதிதாக வேலைக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது சிக்கல் அளவுகோல். வேறு வேறு தராசுகளில் நிறுத்த சரக்கை ஒரே பேரேட்டில் எழுதுவது போன்றது இது. என்விஎஸ்எஸ்-ன் எண்கள் 1977-ல் பார்ஸ் குழு நிறுவிய அளவுகோலில் இருக்கின்றன. டிஜிஎஸ்எஸ் எண்கள் குறைந்த அதிர்வெண்களுக்காக 2012-ல் ஸ்கைஃபும் ஹீல்டும் தந்த அளவுகோலில். வானத்தின் மிகப் பிரகாசமான மூலங்களில் ஒன்றான காசியோபியா ஏ ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே வருகிறது. அளவுகோலுக்கு அதையே நம்பியிருந்த பழைய பட்டியல்களைச் சேர்க்கும்போது அவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதும் முக்கியம்.

ஒரே பட்டியலுக்குள்ளேயும் அளவுகோல் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறலாம். 150 மெகாஹெர்ட்ஸில் அயனி மண்டலம் அளவீட்டை அலைக்கழிக்கும் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. 2017-ல் நடாஷா ஹர்லி-வாக்கர், மேற்கு ஆஸ்திரேலியாவின் எம்டபிள்யூஏ தொலைநோக்கி எடுத்த க்ளீம் பட்டியலோடு டிஜிஎஸ்எஸ்-ஐ ஒப்பிட்டு, வானத்தின் சில திட்டுகளில் வலிமை சீராக விலகியிருப்பதைக் காட்டினார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வானத்தைச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நடுத்தரச் சரிவு எவ்வளவு என்று வண்ணமிட்டுப் பாருங்கள். தொலைதூர விண்மீன் மண்டலங்களுக்கு நாம் எந்த இரவில் எந்தப் பக்கம் பார்த்தோம் என்று தெரியாது. வரைபடத்தில் கண்காணிப்பு அட்டவணையின் உருவம் தெரிந்தால் அது கருவியின் கைவரிசை. அந்தத் திட்டுகளைத் திருத்திய பிறகு, மிஞ்சும் படம் எந்த உருவமும் இல்லாமல் சாதுவாக இருக்கும்போது ஏற்படும் நிம்மதியை இந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

காலமும் சேர்ந்துகொள்கிறது. என்விஎஸ்எஸ்-க்கும் டிஜிஎஸ்எஸ்-க்கும் இடையே ஏறக்குறைய 15 ஆண்டுகள். ஒரு குவேசார் அதற்குள் இரண்டு மடங்காகப் பிரகாசித்திருந்தால், நாம் வரைந்த கோடு எந்த ஆண்டிலும் இல்லாத ஒரு நிறமாலை. க்ளீம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். 72-லிருந்து 231 மெகாஹெர்ட்ஸ் வரை 20 துண்டுகளாக, ஒரே கருவியின் ஒரே கண்காணிப்பிலிருந்து எண்கள் கிடைக்கின்றன. அதை வைத்தே ஜோ காலிங்ஹாம் குழு 2017-ல், நிறமாலை உச்சம் தொட்டுத் திரும்பும் 1,483 மூலங்களைப் பட்டியலிட்டது.

இதைவிட எளிதில் மறந்துபோவது, பட்டியலில் இல்லாதவை. என்விஎஸ்எஸ் சுமார் 2.5 மில்லிஜான்ஸ்கி வரை இறங்கும். டிஜிஎஸ்எஸ் 25-க்குக் கீழே பெரும்பாலும் வராது. 10 மில்லிஜான்ஸ்கி உள்ள ஒரு தட்டையான மூலம் முதலாவதில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. இரண்டிலும் இருப்பவற்றை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், மங்கலான மூலங்களெல்லாம் செங்குத்தானவை என்ற முடிவு தானாக வந்து நிற்கும். பொருந்தாத வரிகளைத் தூக்கிப் போடாமல், இதற்கு மேல் இல்லை என்ற வரம்பாக எழுதிவைக்க வேண்டும்.

அப்படி முரண்டுபிடித்த ஒரு மூலத்தின் கதையை நான் எல்லோரிடமும் சொல்வேன். கேம்பிரிட்ஜின் நான்காம் பட்டியலில் 4சி 21.53 என்றொரு மூலம். குறைந்த அதிர்வெண்ணில் மினுமினுத்தது, அப்படியென்றால் மிகச் சிறியது. நிறமாலையோ மிகவும் செங்குத்து. பக்கத்திலேயே வேறு மூலங்களும் இருந்ததால் குழப்பம் வேறு. டொனால்டு பேக்கர் அதை விடவில்லை. 1982-ல் பேக்கரும், அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னியும், சக ஆய்வாளர்களும் அரெசிபோ தொலைநோக்கியில் பார்த்தபோது, நொடிக்கு 642 முறை சுழலும் பல்சார், அதாவது துடிப்புகளாக ரேடியோ அலை அனுப்பும் நியூட்ரான் விண்மீன், கிடைத்தது. முதல் மில்லிநொடிப் பல்சார் அதுதான். பட்டியல்களில் எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதைத் தொந்தரவாக நினைக்காமல் செய்தியாக எடுத்துக்கொண்டதன் பலன் அது.

அதனால் என் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று நெடுவரிசைகள் கூடுதலாக உண்டு: எந்த ஆண்டு, என்ன கூர்மை, எந்த அளவுகோல். இடம் அதிகம் பிடிக்கிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. பட்டியல்களை ஒரே இடத்தில் திரட்டிய ரஷ்யாவின் கேட்ஸ் தரவுத்தளமும், அவற்றைப் பொருத்தி நிறமாலை தந்த ஸ்ட்ராஸ்பூர்கின் ஸ்பெக்ஃபைண்டும் நம் வேலையைப் பெருமளவு குறைத்திருக்கின்றன. ஆனால் ஒரு எண் எப்படிப் பிறந்தது என்ற விவரம் அதோடு கூடவே பயணிக்காவிட்டால், ஐந்து பட்டியல்களைக் கடந்தபின் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

இப்போது மேசையில் இருப்பது, 150 மெகாஹெர்ட்ஸில் 100 மில்லிஜான்ஸ்கிக்கு மேல் இருந்தும் என்விஎஸ்எஸ்-ல் இடமே பெறாத மூலங்கள். சரிவு மைனஸ் 1.65-ஐ விடச் செங்குத்தாக இருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு பட்டியலில் கோளாறு. ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி 144 மெகாஹெர்ட்ஸில், 6 விகலைக் கூர்மையில் எடுத்த பட்டியலின் 2022 வெளியீட்டில் 44 லட்சம் மூலங்கள் இருக்கின்றன. வடவானில் அதன் எல்லைக்குள் வருபவற்றை முதலில் எடுத்து, ஒவ்வொன்றாகப் படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.