வெண்டிலேட்டர் வலையில் படிந்த கரி

நான் நிலைய அலுவலராகப் பொறுப்பேற்ற ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில், வண்டி நிற்கும் ஷெட்டை ஒட்டியே வீரர்களின் ஓய்வறை. நடுவில் ஒரே சுவர், அதன் மேலே காற்றுக்காக விட்ட வெண்டிலேட்டர். ஒருநாள் அதன் கம்பிவலையை ஈரத்துணியால் துடைத்தேன். சட்டியின் அடியைத் துடைத்ததுபோல் துணி கறுத்துவிட்டது. நேர் கீழே ஒரு கட்டில்.

தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்போம். ஷெட்டுக்குள்ளேயே. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. 2022-ல் தீயணைப்புத் தொழிலையும் உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற அதே முதல் பிரிவில் வைத்தது. தீயின் புகைக்கு முகக்கவசம் மாட்டிக்கொள்ளும் நாங்கள், தலைமாட்டுப் புகையைப் பழகிப்போயிருந்தோம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெளியே எடுத்து ஓடவிடலாமே என்றேன். "ராத்திரியில ஏர் இறங்கிடுது சார். ஏர் ஏறாம பிரேக் விடாது, வண்டி நகராது" என்றார் டிரைவர். அவர் சொன்னது சரி. டயர் காற்றல்ல, பிரேக்குக்கான காற்றழுத்தம் அது; இன்ஜின் ஓடினால்தான் மறுபடி ஏறும். ஏர் லைனில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், ஓர் இணைப்பில் குமிழ் குமிழாக வந்தது. அதைச் சரிசெய்தபின் மறுநாள் காலையிலும் ஏர் நின்றது. ஸ்டார்ட் செய்ததும் வண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. ஷெட்டின் புகையில் பெரும்பகுதி அந்த ஒரு ரிப்பேரில் போய்விட்டது. கட்டடப் பராமரிப்பு என்றால் சுவரும் சுண்ணாம்பும் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு கொத்தனாரை வைத்து வெண்டிலேட்டரை அடைத்து, எதிர்ச்சுவரில் ஜன்னல் திறந்தோம். கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை. கட்டில் பக்கத்தில் தொங்கிய கரிபடிந்த கோட்டுகளை வெளி வராந்தாவுக்கு மாற்றினோம். ஒழுகிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளைபோட வந்தவரைத் தடுத்தேன். அதன் தூசு நுரையீரலுக்கு எமன்.

இரவு அழைப்புக்குப் போய்த் திரும்பும் வண்டியை மட்டும் ரிவர்ஸில் உள்ளே ஏற்றித்தான் ஆகவேண்டும். அந்தச் சில நிமிடப் புகையை சைலன்சரிலேயே குழாய் மாட்டி வெளியே இழுக்கும் அமைப்பு இருக்கிறது. அதற்கு மதிப்பீடு போட்டு அனுப்பிவிட்டுத்தான் இடமாறுதலில் கிளம்பினேன்.