"கூறுகிறார்" போதுமா? ஆய்வேடு எழுதுபவர்களுக்கு

ஆய்வேட்டில் முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் "ஆய்வு முன்னோடிகள்" பகுதியை எழுத உட்காரும்போது பெரும்பாலும் நம் கைவசம் இரண்டு வினைகள்தான் இருக்கும்: கூறுகிறார், குறிப்பிடுகிறார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். அலுத்துப்போய் நடுவில் "நிறுவுகிறார்" என்று ஒன்றைச் சேர்க்கும்போதுதான் வம்பு. "எதை வைத்து நிறுவினார்?" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் பதில் வேண்டுமே!

என் தலைப்பு திராவிட மொழியியலின் வரலாறு. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே, கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்குத் தந்த குறிப்பில், வேர்ச்சொற்களை ஒப்பிட்டு எழுதிவிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். கால்டுவெல் "கண்டறிந்தார்" என்றால் எல்லிஸ் காணாமல் போகிறார். எல்லிஸ் "ஊகித்தார்" என்றால் அவர் அடுக்கிய சான்றுகள் மறைந்துபோகின்றன. அதனால் எல்லிஸுக்குச் "சான்றுடன் முன்வைத்தார்", கால்டுவெல்லுக்கு "விரிவாக நிறுவினார்" என்று வைத்துக்கொண்டேன். இதற்கு இருவரையும் படித்தாக வேண்டும். ஒத்தசொல் அகராதி உதவாது.

அளந்ததும் அதிலிருந்து முடிவு செய்ததும் ஒரே வினையில் கலந்துவிடக் கூடாது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது எனக் கரிமப் பகுப்பாய்வு "காட்டுகிறது". கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வைகைக் கரையில் நகரமயமாதல் நடந்தது என மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை "கருதுகிறது". இரண்டுக்கும் "நிரூபிக்கிறது" என்று போடும் கட்டுரைகள் ஏராளம்.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. வினை கடைசியில் வருவதால், ஐந்து வரி வாக்கியத்தில் பேசுவது யார் என்பது முடிவில்தான் தெரியும். நீளமான கருத்து என்றால் "கால்டுவெல்லின் வாதம் இது" என்று முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் விரியுங்கள். மேற்கோள் முடிந்ததும் "எனலாம்" என்று முடிப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். அது அவர் கருத்தா நம் கருத்தா என்று யாருக்கும் புரியாது.

"என்று உரைப்பாரும் உளர்" என்று பெயர் சொல்லாமல் மறுத்துவிட்டுப் போகும் வசதி பரிமேலழகருக்கு இருந்தது. நமக்குப் பக்க எண்ணே கட்டாயம்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். குறிப்பு எடுக்கும்போதே, பக்க எண்ணுக்குப் பக்கத்தில் வினையையும் எழுதி வையுங்கள்: மறுக்கிறார், ஐயுறுகிறார், சான்று தராமல் சொல்கிறார். ஆறு மாதம் கழித்து எழுதும்போது நூல் கையில் இருக்காது. நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்திருப்போம்.